முகவரி இருக்கிறது, பக்கம் எங்கே?

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையின் பழைய படங்களுக்காக ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறேன். புது வடிவத்துக்கு மாற்றிய பிறகு பழைய இணைப்புகளைத் தொட்டால் ‘404’ என்கிறது. போதாததற்கு, வேறொரு தளம் என் படங்களை என் சர்வரிலிருந்தே இழுத்துக் காட்டுகிறது. என்ன செய்வது?
– வாசகர், பிள்ளைச்சாவடி

பதில்: பத்திரத்தில் இருக்கும் தெரு கடலுக்குள் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று கடலரிப்பு கண்ட உங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 404 அதுதான். ஆனால் உங்கள் பக்கங்கள் மூழ்கவில்லை, வீடு மாறியிருக்கின்றன. ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தர இடமாற்றக் குறியீடு போட்டுத் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே தள்ளிவிடாதீர்கள்; தேடி வந்தவர் வாசலிலேயே நிற்பார். நிரந்தரமாக நீக்கியதற்கு 410. எவை உடைந்தன என்பதை சர்வர் பதிவேடு காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது படம். படம் உங்களுடையது, பில்லும் உங்களுடையது, பார்வையாளர் மட்டும் அந்தத் தளத்துக்கு! படத்தைக் கேட்பது எந்தத் தளம் என்று உலாவி பெரும்பாலும் சொல்லிவிடும். உங்கள் தளத்தையும் தேடுபொறிகளையும் அனுமதித்து, மற்றவற்றுக்கு 403 (அனுமதி மறுப்பு) கொடுங்கள். எதுவும் சொல்லாமல் வரும் கோரிக்கையை மறிக்காதீர்கள்; உண்மையான வாசகர் பலர் அப்படித்தான் வருகிறார்கள். படத்தைத் தரவிறக்கித் தன் சர்வரில் வைத்துக்கொள்பவரை இது தடுக்காது.

புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே கரை எங்கே இருந்தது என்பதற்கு உங்கள் படங்கள் சாட்சி. எடுத்த தேதியையும் இடத்தையும் ஒவ்வொன்றின் கீழும் எழுதி, இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் இன்றே ஒரு பிரதி சேமியுங்கள்.