படிப்ஸ்களுக்கு எதற்கு ராப்?

கேள்வி: கம்ப்யூட்டர், காமிக்ஸ், வீடியோ கேம் பற்றியெல்லாம் பாடும் ‘நெர்ட்கோர்’ ராப்பர்களுக்கு ஆவணப்படமே இருக்கிறதாமே! படிப்ஸ்களுக்கு எதற்கு ராப்?
– வாசகர், போனக்காடு, திருவனந்தபுரம்

பதில்: படிப்ஸுக்கும் வாய் இருக்கிறதே! நெகின் ஃபர்சாத் இயக்கிய ‘நெர்ட்கோர் ரைசிங்’ (2008) அந்தப் படம். 2000இல் இந்த வகைக்குப் பெயர் சூட்டிய எம்.சி. ஃபிரன்டாலாட், மூக்கில் கண்ணாடி, கழுத்தில் டை, நெற்றியில் விளக்கு சகிதம் அமெரிக்காவைச் சுற்றுவதைக் காட்டுகிறது. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸில், வறுமைக்கும் நிறவெறிக்கும் நடுவே கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் வளர்த்த கலையை இவர்கள் கேலிக்கூத்தாக்கலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. அந்த வலியைத் தன்னுடையதாகப் பாடினால் களவுதான். இவர்களோ தங்கள் கீபோர்டின் கதையைத்தான் அளக்கிறார்கள். தன் இடம், தன் பாடு, தன் பீற்றல் என்பதுதானே ராப்பின் இலக்கணம்! மூளைக்காரர்களின் பாட்டுக்கு யார் கைதட்டுவார்கள் என்கிறீர்களா? பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பொருத்திய காளமேகத்தை, ககர வரிசையை மட்டுமே வைத்துப் பாட்டுக் கட்டிய அதே மனிதரை, ஐந்நூறு ஆண்டுகளாக நாம் கொண்டாடவில்லையா? ராப் மேடையில் மார்க் ஷீட் யாரும் கேட்பதில்லை. தாளம் தப்பினால் மட்டும்தான் அரியர்!