டச்சு மாமா

வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தை வீட்டு அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதிக்கிறது என்றால், மாமா ரூட் போட்டுவிட்டார் என்று அர்த்தம். மறுநாள் விடிவதற்குள் அந்தத் தெருவில் ஒரு கார் ஹாரன் அடிக்கும். அந்தக் காரில் நானும் இருப்பேன்.

டூர் மாமா என்ற இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவருக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. ஓட்டவும் தெரியாது. எங்கள் மாமாவின் கதையைக் கேளுங்கள்: வண்டி அவருடைய மருமகனுடையது, தவணை இன்னும் முடியவில்லை. ஓட்டுவது நான். டீசல் சின்ன மாமா தலையில். கட்டுச்சோறு அத்தை. ஆனால் டூருக்குப் பெயர் மட்டும் ‘மாமா டூர்’. மாமாவின் முதலீடு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் ஒரு பால்பாயின்ட் பேனாவும்தான்.

இந்தத் தடவை வினையை ஆரம்பித்தது பேத்தி. அவளுடைய சிநேகிதி இத்தாலியில் குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு, பழைய பழைய சின்ன ஊர்களாகச் சுற்றிவிட்டு வந்து படம் காட்டியிருக்கிறாள். “நாமளும் போலாம் தாத்தா” என்றாள்.

மாமா அசரவில்லை. “நிக்கோலோ கோன்டின்னு ஒரு இத்தாலிக்காரன். பதினைஞ்சாம் நூற்றாண்டுலயே கிளம்பி நம்ம கொச்சிக்கு வந்துட்டுப் போயிருக்கான். அவனே இங்க வந்தப்ப நாம எதுக்குக் கண்ணு அங்க போகோணும்? ஓட்டு வீடு, சர்ச், கடல், சந்து, எல்லாம் கொச்சியிலயே இருக்குது. பாஸ்போர்ட்டும் வேண்டாம்.”

கோவையிலிருந்து இத்தாலிக்கு வாளையார் வழியாகப் புறப்பட்டோம்.

ஏழு பேர் வண்டியில் ஒன்பது பேர். மாமா நோட்டைப் பார்த்துப் பெயர் படித்து இடம் ஒதுக்கினார். கடைசி சீட்டில் எங்கள் அப்பா, பக்கத்தில் சின்ன மாமா. எனக்குத் திக்கென்றது. தங்கச்சி கல்யாணத்தில் தாய்மாமன் சீர் விஷயமாக ஏற்பட்ட மனத்தாங்கலில் இரண்டு பேரும் பேசி மூன்று வருஷமாகிறது. மாமா அது எதுவும் தெரியாதவர்போல் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

நோட்டில் இப்படி எழுதியிருந்தது: ‘பாலக்காடு கோட்டை, ஹைதர் அலி, 1766. இருபத்தைந்து நிமிடம். கொடுங்கல்லூர், சங்க காலத்து முசிறி, யவனர் கப்பல் மிளகுக்கு வந்த துறை. முப்பது நிமிடம், சிறுநீர் உட்பட.’ ரோமாபுரி வரை மிளகு அனுப்பிய துறையை மாமா இருபத்தெட்டு நிமிஷத்தில் முடித்தார். மிச்சம் பிடித்த இரண்டு நிமிஷத்தை மட்டாஞ்சேரிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மட்டாஞ்சேரி யூதத்தெருவில் சுக்கும் மிளகும் கலந்த வாசனை மூக்கைத் துளைத்தது. 1568-ல் கட்டிய பரதேசி யூதப் பள்ளிதான் மாமாவின் பட்டியலில் மகுடம். சந்தின் கோடிக்குப் போனோம். கதவு சாத்தியிருந்தது.

“சனிக்கிழமைங்க. யூதர்களுக்கு ஓய்வு நாள்” என்றார் கடைக்காரர், நல்ல தமிழில்.

பழங்காலத்து யூத வரலாறெல்லாம் ஒப்பிக்கிற மனுஷர், இந்த ஒரு கிழமையைக் கோட்டைவிட்டிருந்தார். ஆனால் டூர் மாமாக்கள் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. நிகழ்ச்சி நிரலை மாற்றுவார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் நின்றபடியே ஆரம்பித்தார். “உள்ளே தரை பூராவும் சீனாவுல கான்டன்ல இருந்து வந்த ஓடு. வெள்ளையில நீலம். அத்தனையும் கையால வரைஞ்சது, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. பாத்ததாவே வெச்சுக்குங்க.” அண்ணாந்து மணிக்கூண்டைக் காட்டினார். 1760-ல் எழுப்பியது, ஒரு முகத்தில் ரோமன் எண், இன்னொன்றில் எபிரேயம். பேத்தி இரண்டையும் விட்டுவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம்.

புளிச்சோற்றுக்குப் பிறகு மட்டாஞ்சேரி அரண்மனை. பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். காவியும் பச்சையும் மஞ்சளுமாக, ஒரு விரற்கடை வெற்றிடம் இல்லாமல் ஆட்கள், அணிகலன்கள், மரங்கள். தசரதனின் புத்திரகாமேஷ்டியில் தொடங்குகிறது கதை. நாங்கள் படம் பார்க்க, மாமா பலகை படித்தார். “இதைக் கட்டினது போர்ச்சுகீசியன். கட்டி, 1555 வாக்குல கொச்சி ராஜாவுக்குக் குடுத்தான். 1663-ல டச்சுக்காரன் வந்து பழுது பாத்தான். அதனால டச்சு அரண்மனைன்னு பேரு.”

அத்தை சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “கட்டினவன் ஒருத்தன், குடியிருந்தவன் ஒருத்தன். பேரு பழுது பாத்தவனுக்கா? நம்ம வண்டி மாதிரியே இருக்குதுங்களே.”

மருமகன் சிரித்தார். நான் சிரித்தேன். கடைசி சீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு, சட்டென்று வேறு வேறு திசையில் திரும்பிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் டச்சு மாமா.

கோட்டைக் கொச்சியில் பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள்; பதினான்கு வருஷம் கழித்து எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். ராமர் கணக்கு. மாமா எங்களுக்குக் கொடுத்தது பதினான்கு நிமிஷம்.

கடைசியில் சீனவலை. தேக்குக் கழிகள் நான்கு, மேலே கூடிக் கவிழ்ந்த குடைபோல. மறுமுனையில் கயிறு கயிறாகக் கருங்கற்கள் தொங்குகின்றன. அந்தக் கல்பாரம்தான் வலையின் எடைக்கு ஈடு. வலைக்காரர், “வரின், வலிக்காம்” என்று கூப்பிட்டார். வலிக்காது என்கிறார் என்று நினைத்து அப்பா முன்னே போனார். மலையாளத்தில் அது ‘இழுக்கலாம்’. கயிற்றைப் பிடித்ததும் தள்ளாடினார்.

“மச்சான், காலை அகட்டி வெச்சு நில்லுங்க” என்று ஓடிப்போய்ப் பின்னால் பிடித்தார் சின்ன மாமா. இரண்டு பேரும் “ஏலேலோ” போட்டார்கள். கற்கள் இறங்க, வலை நீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. உள்ளே நாலு பொடிமீனும் ஒரு செருப்பும்.

திரும்பி வரும்போது கடைசி சீட்டில் பேச்சு ஓயவில்லை. அந்தச் செருப்பு ஆணுடையதா பெண்ணுடையதா என்று வழக்கு. நான் முன்சீட்டைப் பார்த்தேன். மாமா நோட்டை விரித்து, யூதப் பள்ளியை மட்டும் அடிக்காமல் மற்ற எல்லா இடத்தையும் அடித்தார். அந்தப் பட்டியலுக்குக் கீழே, மணி குறிக்காத ஒரு வரி இருந்தது: ‘கடைசி சீட்டு.’ அதற்கும் நேராக ஒரு டிக் போட்டுவிட்டு, மூடியைப் பேனாவில் செருகினார்.

“அடுத்த மாசம் திரும்பியும் வரோணும்” என்றார். “ஞாயித்துக்கிழமையாப் பாத்து.”