மீதி 9 அடி எங்கே?

அனுப்புநர்: அரை கிரவுண்டு மனைக்காரன்.
பெறுநர்: எங்கள் புறநகரின் கட்டட அனுமதிப் பிரிவு.
பொருள்: தங்கள் கணிதப் புலமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: எங்கள் தெருமேல் இன்னும் படவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் நடுவே 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். அதாவது 59 அடி. என் மனையோ முப்பதுக்கு நாற்பது. இந்த மூலையில் போர், எதிர் மூலையில் செப்டிக் உறை என்று குறுக்கே இழுத்து அளந்தாலும் 50 அடிதான் தேறுகிறது. ஆனாலும் வரைபடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தீர்களே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்! பக்கத்து வீட்டு உறை என் போருக்குப் பன்னிரண்டே அடி. நடுவில் காம்பவுண்டு சுவர் உண்டு. தண்ணீருக்குத்தான் பட்டா படிக்கத் தெரியவில்லை.

கக்கூஸ் கழுவிய ஆசிட், பினாயில், வாஷிங் மெஷின் நுரை, காலாவதியான மாத்திரை எல்லாம் இந்த இரண்டு உறைகளுக்குள்தான். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆசிட்டில் செத்து மடிகின்றன. சிறுநீரிலுள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, சாவகாசமாக நிலத்தடிக்கு இறங்குகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம். தாண்டினாலும் நிறம் மாறாது, வாடை வராது.

புகார் கொடுத்ததும் தங்கள் ஊழியர் வந்து பிளீச்சிங் பவுடர் தூவினார். கிருமி செத்திருக்கும், நைட்ரேட் அசையவில்லை. "காய்ச்சிக் குடிங்க சார்" என்றார். சுண்டக் காய்ச்சினால் குழம்பு கெட்டியாவதுபோல நைட்ரேட்டும் கூடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கிக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். என் பேத்திக்கு நாலு மாதம். இதில் மட்டும் எனக்கு வேடிக்கை வரவில்லை.

ஆர்.ஓ. மெஷின் வாங்கினோம். அது வடிகட்டித் தள்ளும் தண்ணீர் ஒரு வெள்ளைக் குழாய் வழியே போய் விழுவது எங்கே தெரியுமா? எங்கள் வீட்டு உறையிலேயே!

ஆகவே, பாதாளச் சாக்கடை வரும் வரையிலாவது, தாங்கள் ஒருமுறை நேரில் வந்து அளந்து பார்த்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எங்கள் போர்த் தண்ணீரில் போட்ட காபி தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வரி செலுத்துநர்.

இணைப்பு: 50 அடி டேப் ஒன்று. மீதி 9 அடி தங்கள் அலுவலகத்தில் இருப்பதாக நம்புகிறேன்.