யாராத்துப் பிள்ளை?

விஸ்காம் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளிடம் ஃபிலிம் நுவார் பாணியில் பத்துப் படம் எடுத்து வரச் சொன்னால், முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "சார், பிளாக் அண்ட் ஒயிட் ஃபில்டர் போட்டாப் போதுமா?" போதாது என்றதும் வகுப்பில் பாதிப் பேருக்கு ஆர்வம் வடிந்துவிடும். மீதிப் பேர் கோட்டு வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

விதிகளைச் சுருக்கமாகத்தான் வைத்திருந்தேன். ஒரு குற்றம், பத்துப் படம், ஒரே ஒரு விளக்கு. முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்தால் மறுபக்கம் இருட்டோடு இருக்கட்டும். தெர்மாகோல் அட்டையைப் பிடித்து அதையும் வெளுக்க வைக்கக் கூடாது. எக்ஸ்போஷரை வெளிச்சமான இடத்துக்குப் பார்த்து வைத்துவிட்டு, நிழலை அதன் தலையெழுத்துக்கு விட்டுவிட வேண்டும். நூறு மார்க்கில் திட்டமிடலுக்கு 20, ஒளிக்கு 30, கதைக்கு 20, ரெக்கார்டுக்கு 20, வைவாவுக்கு 10.

பாடத்துக்கு 'அந்த நாள்' போட்டுக் காட்டினேன். 1954-ல் ஏவி.எம். தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கியது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் பேசும்படம். எடுத்தவரோ வீணை வித்வான்! வீட்டில் வீணையை வைத்துக்கொண்டு படத்தில் ஒரு பாட்டுக்கூட வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் குண்டடிபட்டுச் சாகிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இன்டர்வெல்லுக்கு அப்புறம் உயிரோட வந்துருவாரா சார்?" ஃப்ளாஷ்பேக்கில் வருவார் என்றேன். வகுப்பே பெருமூச்சு விட்டது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் சாதாரணக் குடும்பத்து ஹால்கூட நம்மைச் சந்தேகத்தோடு பார்க்கும். அதைத்தான் கவனிக்கச் சொன்னேன். பிள்ளைகள் கவனித்தது என்னவோ தொப்பியை.

அப்புறம் திட்ட அறிக்கைகள் வந்தன. மூட் போர்டு, ஷாட் லிஸ்ட், விளக்கு வைக்கிற இடத்துக்குப் படம், எல்லாம் லட்சணமாக இருந்தன. எல்லாக் குழுவிலும் மழை பெய்தது. எல்லாக் குழுவிலும் பனி மூடியிருந்தது. ஆளரவமற்ற தெருவில் ரெயின்கோட் போட்ட ஒருத்தன் தனியாக சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். இது திருச்சியில், மார்ச் மாதத்தில். நம்மூர் மார்ச்சில் ரெயின்கோட் போட்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறியவனை கண்டக்டர் டிக்கெட் கேட்கும் முன் உடம்புக்கு என்ன என்று கேட்டாராம்.

சிகரெட் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதனால் ஒரு குழு வில்லனின் இரண்டு விரலுக்கு நடுவே ஊதுபத்தியைச் செருகியது. புகை நன்றாகவே வந்தது. ஆனால் கொலை செய்யப் போகிறவர் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

புகையைப் பற்றி இன்னும் ஒன்று. 1944-ல் வந்த 'டபுள் இண்டெம்னிட்டி'யில் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், ஜன்னல் வழியே வரும் வெயிலில் தூசி மின்ன வேண்டும் என்பதற்காக அலுமினியத் துகளைத் தூவினார் என்பார்கள். இதை வகுப்பில் சொல்லித் தொலைத்தேன். அலுமினியத்துக்கு எங்கே போவது? ஒரு குழு ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் ஒரு பழைய வீட்டின் ரேழியில் சாம்பிராணி போட்டது. வெளிச்சம் கோடு கோடாக இறங்கியது, அருமை. ஷட்டரை அழுத்துவதற்குள் பக்கத்து வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்தார்: "யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு? எனக்குச் சொல்லவே இல்லையே!"

இங்கேதான் எங்கள் திட்டத்தின் ஆணிவேரே ஆட்டம் கண்டது. நுவாருக்கு இருட்டு வேண்டும், தனிமை வேண்டும். இருட்டை மாநகராட்சி எடுத்துக்கொண்டுவிட்டது. மஞ்சள் சோடியம் விளக்கு இருந்தவரை கம்பத்துக்குக் கம்பம் நடுவில் கொஞ்சம் மர்மம் மிச்சமிருந்தது. எல்இடி வந்தபிறகு தெருவில் ஊசி விழுந்தாலும் தெரிகிறது. தனிமையோ, ஸ்ரீரங்கத்தில் எந்தக் காலத்திலும் ஸ்டாக் இருந்ததில்லை. இங்கே வளர்ந்த சுஜாதா, தன் வக்கீல் கணேஷுக்கு ஆபீஸை இங்கே போட்டுத் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். போட்டிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே கேஸ் முடிந்திருக்கும். எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்களே.

வடக்கு உத்திர வீதியில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு மேல். மணப்பாறைப் பையன் ஒருவன் கதாநாயகன். ரெயின்கோட், கவிழ்த்த தொப்பி, சுவர் ஓரம், ஒரே ஒரு டார்ச். கேமராவை ஏறக்குறையத் தரையில் வைத்து ஐஎஸ்ஓ 1600-ல் குறி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையிலிருந்து ஒரு மாமா எழுந்து வந்தார்.

"யாராத்துப் பிள்ளைடா நீ?"

"மணப்பாறை, மாமா."

"மணப்பாறையில யாரு?"

அப்பா பெயர், தாத்தா பெயர், அக்காவைக் கொடுத்த இடம் வரை விசாரணை போனது. ஹாலிவுட் துப்பறிவாளர் யாரும் இத்தனை குறைந்த நேரத்தில் இத்தனை தகவல் கறந்ததில்லை. விசாரணை முடிவதற்குள் உள்ளேயிருந்து ஒரு டம்ளர் மோர் வந்தது, கருவேப்பிலை மிதக்க. குடித்தால் மேக்கப் கலையும், மறுத்தால் மரியாதை இல்லை. ஆக, அடுத்து வந்த படங்களிலெல்லாம் தமிழ்நாட்டின் அதிபயங்கரக் கொலைகாரன் கையில் எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறான். விளக்கு டம்ளர் விளிம்பில் பட்டு மின்னியது அழகுதான். ஒளிக்கு மார்க் போட்டேன்.

'தி தேர்டு மேன்' படத்தில் ஆர்சன் வெல்ஸ் வியன்னாவின் ஒரு வாசற்படி இருட்டில் நிற்க, காலடியில் பூனை வந்து ஒட்டும். அதைப் பார்த்துச் செய்யப்போன குழுவுக்குப் பூனை ஒத்துழைக்கவில்லை. பசு ஒத்துழைத்தது. அதே படத்தின் சாய்ந்த ஃபிரேம்களையும் செய்து பார்த்தார்கள். ஸ்ரீரங்கத்தில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ராஜகோபுரம் உள்ளே வந்துவிடும். 13 நிலை, 236 அடி. எத்தனையோ தலைமுறை மொட்டைக் கோபுரமாக நின்று 1987-ல்தான் முழுசானது. அதை ஒரு மாணவி சாய்த்து எடுத்துவந்து மேஜையில் வைத்தபோது, எங்கள் லேப் அட்டெண்டர் படத்தைக் கையில் எடுத்து நேராக்கிவிட்டுப் போனார். இப்போது கோபுரம் நேராக இருந்தது, கொலைகாரன்தான் சாய்ந்திருந்தான்.

உருப்படியாகச் செய்தவர்கள் காந்தி மார்க்கெட்டுக்குப் போன குழு. ஊர் தூங்கும் நேரத்தில்தான் அங்கே காய்கறி லாரிகள் இறங்கும். தலைக்கு மேல் ஒற்றைக் குண்டு பல்பு, சுற்றிலும் கறுப்பு. ஒரு சுமைத் தொழிலாளி தலையில் முண்டாசு, முதுகில் வெங்காய மூட்டை. முண்டாசின் மடிப்பு நெற்றிக்குக் கீழே ஒரு நிழலைப் போட்டது பாருங்கள், வாடகைத் தொப்பி எதுவும் போடாத நிழல் அது. கண் தெரியவில்லை, மூக்கின் நுனியும் தாடையில் வழிந்த வியர்வையும் மட்டும் வெளிச்சத்தில். "அண்ணே, கொஞ்சம் முறைங்கண்ணே" என்று கேட்டிருக்கிறார்கள். "வழியை விடுங்கடா" என்று உண்மையாகவே முறைத்திருக்கிறார். அந்தப் படத்தில் நடிப்பு கிடையாது.

இன்னொரு குழு கதைக்காக வெளியே அலையவே இல்லை. நம்ம ஊர் எம்.கே. தியாகராஜ பாகவதரை எடுத்துக்கொண்டார்கள். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியாகிறது. நவம்பரில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்படுகிறார், மறுநாள் சாகிறார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. மறுவருஷம் ஆயுள் தண்டனை. நாயகன் சிறையில் இருக்க, படம் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல்தான் விடுதலை. குத்தியது யார் என்பது இன்றுவரை தீரவில்லை. இத்தனையையும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் லாஸ் ஏஞ்சலஸுக்கு ஏன் ஓட வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் குழு படங்களில் ஆளே இல்லை. ஒரு சரிகை அங்கவஸ்திரம், கம்பி ஜன்னலின் நிழல், ஒரு கிராமபோன் ரிக்கார்டு. அவ்வளவுதான்.

மதிப்பீட்டு நாள் வந்தது. வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் கறாரான மனிதர். ஒரு பையனிடம் "இதுல கொலைகாரன் யாரு?" என்றார். "சார், நுவார்ல எல்லாருமேதான்" என்றான். வைவாவுக்குப் பத்தில் பத்து.

கடைசியில் மணப்பாறைக் குழுவின் படம் ஒன்றில் அவர் நின்றுவிட்டார். அதில் கதாநாயகன் இல்லை, சுவரில் அவன் நிழல் மட்டும். ஃபிரேமின் மறு ஓரத்தில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அதே மாமா. டிவி வெளிச்சம் ஒரு கன்னத்தில், மறு கன்னம் கறுப்பு, ஒற்றைக் கண் வெளியே வேவு பார்க்கிறது. தனியாக நிற்கிறவனைத் தேடி அலைந்தோமே, பயம் அவனிடத்தில் இல்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஜன்னலில்தான் இருந்தது. நம் தெருக்களில் அது வீட்டுக்கு வீடு உண்டு.

"இது பிளான்ல இருந்துச்சா?" என்றார் எக்ஸ்டர்னல்.

"இருந்துச்சு சார்" என்று ஷாட் லிஸ்ட்டை நீட்டினான். மற்ற வரியெல்லாம் நீல மை, இந்த வரி மட்டும் கறுப்பு. திட்டமிடலுக்கு 20-க்கு 18 போட்டோம். அந்த இரண்டு மார்க் பேனாவைத் தொலைத்ததற்கு.

படத்தைப் பெரிசாக பிரிண்ட் போட்டு மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பேஷா இருக்கு. கலர்ல போடக் காசு பத்தலையாடா?"