மரணத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்

நகைச்சுவை நாவலைப் பற்றி யாரும் சிரித்துக்கொண்டே கருத்துச் சொல்வதில்லை. படிக்கும்போது அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல, ஆனா ஒண்ணு..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த 'ஆனா ஒண்ணு'வைக் கேட்கிற ஆசையில்தான் டெர்ரி பிராட்செட்டின் 'மோர்ட்' நாவலை உறவிலும் நட்பிலும் அகப்பட்டவர்களின் தலையில் எல்லாம் கட்டிவருகிறேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரும் கருத்துகளுக்கு அர்த்தம் இருக்காது. (சொன்னாலும் சிலவற்றுக்கு இருக்காது.)

பிராட்செட் இங்கிலாந்துக்காரர். அங்கே மின்னுற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். அணுமின் நிலையங்களைப் பற்றி நிருபர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. 1987இல் அந்த வேலையை விட்டார். 'மோர்ட்' வந்ததும் அதே ஆண்டுதான். கவலைப்பட ஒன்றுமில்லை என்று வருடக்கணக்காகச் சொல்லிப் பழகியவருக்கு, மரணத்தை ஒரு கதாபாத்திரமாக்கி வாசகர் வீட்டுக்குள் கூட்டிவருவது சிரமமாக இருந்திருக்காது.

அவர் படைத்த உலகம் தட்டை. நான்கு யானைகள் அதைச் சுமக்கின்றன. யானைகளை ஓர் ஆமை சுமக்கிறது. அந்த உலகத்தின் ஒரு கிராமத்தில் மோர்ட் என்ற பையன். உடம்பில் முட்டியும் முழங்கையும்தான் அதிகம். நல்லவன், யோசிப்பவன், அதனாலேயே வயல் வேலைக்கு உதவாதவன். அப்பா அவனை வேலைக்கு ஆள் எடுக்கும் சந்தைக்குக் கூட்டிப்போய் நிறுத்துகிறார். மற்ற பையன்களுக்கெல்லாம் முதலாளிகள் கிடைத்துவிடுகிறார்கள். இவன் மட்டும் நள்ளிரவு வரை நிற்கிறான். அப்போது வெள்ளைக் குதிரையில் ஒருவர் வருகிறார். கறுப்பு அங்கி, உள்ளே வெறும் எலும்பு. மரணம். அவருக்கு ஒரு பயிற்சியாள் வேண்டும்.

பிரபஞ்ச ரகசியம் கற்கப் போகிறோம் என்று போன பையனுக்கு முதல் வேலை லாயத்தில் சாணி அள்ளுவது. பிறகு தொழில் பிடிபடுகிறது. முதலாளி இல்லாமல் தனியாகப் போகிற நாளில், செத்தாக வேண்டிய ஓர் இளவரசியைச் சாகவிடாமல் காப்பாற்றித் தொலைக்கிறான். இங்கேதான் பிராட்செட்டின் மூளை வேலை செய்கிறது. இளவரசி உயிரோடு இருக்கிறாள். உலகம் மட்டும் அவள் செத்துவிட்டதாகவே நடந்துகொள்கிறது. அரண்மனைக்காரர்கள் அவளைப் பார்க்கிறார்கள், உடனே மறந்துபோகிறார்கள். கடைசியில் அவள் ஒரு மந்திரவாதியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறாள். தான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஊருக்கு நினைவுபடுத்துவது அவன் உத்தியோகம்.

என் சித்தப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "இதுல என்னப்பா கற்பனை இருக்கு? வருஷா வருஷம் நவம்பர் மாசம் நான் போய் நிக்கிறேன்ல, லைஃப் சர்ட்டிபிகேட்டுக்கு" என்றார். "நேரா எதிர்ல உக்காந்திருக்கேன். அந்தப் பொண்ணு என்னைப் பாக்கவே இல்ல. கம்ப்யூட்டரைப் பாத்து, 'சார் உயிரோட இருக்காரா'ங்குது. கைரேகை வேற விழல." அவருக்கும் ஒரு மந்திரவாதி தேவை. பென்ஷனில் கட்டுப்படியாகாது என்பதால் சித்தியைக் கூட்டிப்போகிறார்.

மரணத்தின் மேல் சித்தப்பாவுக்கு ஏகப்பட்ட மரியாதை. அத்தனை வருட சர்வீஸில் லீவே போடாத மனிதர், பயிற்சியாள் கிடைத்ததும் ஊர் சுற்றக் கிளம்புகிறார். சந்தோஷம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளக் குடித்துப் பார்க்கிறார், ஆடிப் பார்க்கிறார், மீன்பிடித்துப் பார்க்கிறார். ஒன்றும் ஒட்டவில்லை. வேலை வாங்கித் தருபவரிடம் போய் உட்காருகிறார். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராகிறார். அங்கே நிம்மதியாகவும் இருக்கிறார். "ரிட்டயர் ஆனவன் கதையை இவன் ஒருத்தன்தான் சரியா எழுதியிருக்கான்" என்பது சித்தப்பாவின் தீர்ப்பு. "ஆனா ஒண்ணு. சம்பளம் எவ்வளவுன்னு கேக்காம பையனை அனுப்பினான் பாரு, அவன் அப்பன், அது தப்பு." பையன் என்ன ஆனான் என்று அவர் பிறகு கேட்கவே இல்லை.

பெரியப்பாவுக்கு வேறு கணக்கு. அவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அது நம்மிடம் இருந்து எப்போது திருடப்பட்டது என்பதைத்தான் முதலில் பார்ப்பார். ஆமை என்றதும் நிமிர்ந்தார். யானை என்றதும் விரலை மடக்கினார். "திசைக்கு ஒண்ணா எட்டு யானை இருக்கணும். இங்க நாலுதான் இருக்கு. மீதி நாலு எங்க?" என்று என்னையே முறைத்தார், நான்தான் வழியில் விற்றுவிட்டேன் என்பது போல.

பிறகு நசிகேதனுக்கு வந்தார். இந்த இடத்தில் அவரைச் சும்மா சிரித்து ஒதுக்க முடியவில்லை. கடோபநிடதத்தில் யாகம் செய்யும் அப்பாவைப் பையன் நச்சரிக்கிறான்: என்னை யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள் என்று. எமனுக்குத்தான் போ என்று அவர் எரிந்து விழுகிறார். பையனும் கிளம்பிப் போய்விடுகிறான். எமன் வீட்டில் இல்லை. வாசலில் மூன்று இரவு பட்டினியாகக் காத்திருக்கிறான். திரும்பி வந்த எமன், விருந்தாளியைக் காக்கவைத்துவிட்டோமே என்று பதறி, இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் தருகிறான். உலகத்தின் முதல் எமன்–பையன் நகைச்சுவைக் காட்சி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். உபநிடதம் சிரிக்காமல் சொல்கிறது, அவ்வளவுதான். அங்கே அப்பா கோபத்தில் கொடுக்கிறார். இங்கே மோர்ட்டின் அப்பா பையனுக்கு ஒரு வேலை கிடைக்காதா என்ற கவலையில் கொடுக்கிறார். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

இந்த நாவலைப் பற்றி நான் கேள்விப்பட்டதில் உன்னதமான கருத்து அமெரிக்காவில் இருந்து வந்தது. பிராட்செட்டே பலமுறை சொல்லியிருக்கிறார். 'மோர்ட்'டைப் படமாக்கப் பேச்சு நடந்ததாம். அமெரிக்கப் பணக்காரர்கள் கதையைக் கேட்டு உருகிவிட்டார்களாம். அருமையான கரு, அப்படியே எடுக்கலாம், ஒரே ஒரு சின்ன மாற்றம்: அந்த மரணத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். படம் நின்றுபோனது. பின்னாளில் டிஸ்னியின் பிரபல இயக்குநர் ஜோடி, ஜான் மஸ்கரும் ரான் கிளெமென்ட்ஸும், இதை எடுக்க ஆசைப்பட்டார்கள். உரிமை கைகூடாமல் வேறு படத்துக்குப் போய்விட்டார்கள்.

பேசாமல் கோடம்பாக்கத்துக்கு வந்திருக்கலாம். எமனை எடுத்துவிடு என்று சொல்கிற தயாரிப்பாளர் இங்கே பிறக்கவில்லை. எமனுக்கு இன்னும் இரண்டு பாட்டு வைக்கச் சொல்லியிருப்பார். 'லக்கி மேன்' படத்தில் (1995) கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தன். 'தர்மபிரபு'வில் (2019) யோகி பாபு எமன். உயிரை எடுக்க வருகிறவரைப் பார்த்து விசிலடிக்கிற ஜனங்கள் நாம். மோர்ட்டுக்கு மட்டும் ஒரு கஷ்டம் வந்திருக்கும்: முட்டியும் முழங்கையுமாக இருக்கிற பையனைக் கதாநாயகன் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எமனுக்கு எடுபிடியாக வைத்து இடைவேளைக்குள் அனுப்பியிருப்பார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். "அந்த அட்டையைத் திருப்பி வைடா" என்றார் முதலில். எலும்புக்கூடு. எருமைக்குப் பதில் குதிரை என்றதில் அவருக்கு உடன்பாடில்லை. குதிரைக்குப் பெயர் பிங்கி என்றதும் மனம் இளகிவிட்டது. மரணத்துக்குப் பூனைகளைப் பிடிக்கும் என்றேன். பையனைக் கூட்டிக்கொண்டு போன அன்றே கறி வாங்கிக் கொடுத்தார் என்றேன். (நாவலில் உண்மையாகவே மரணத்துக்குக் காரசாரமான கறி என்றால் உயிர்.) அம்மா காயை வைத்துவிட்டு, "வந்த பிள்ளைக்கு முதல்ல சோறு போட்டார்ல? அப்ப நல்லவர்தான்" என்றார். அதன் பிறகு இளவரசி, மந்திரவாதி, இறுதிச் சண்டை எதையும் அவர் காது கொடுத்துக் கேட்கவில்லை. தீர்ப்பு வந்த பிறகு எதற்குச் சாட்சி?

அக்கா மகன் கல்லூரிக்காரன். அவனுக்கு இரண்டு குறை. "ஹீரோகிட்ட பவரே இல்ல மாமா" என்பது ஒன்று. சுவருக்குள் நுழைந்து போகிறானே என்றேன். அது யாரையும் அடிக்காத பவர், கணக்கில் வராதாம். இரண்டாவது, புத்தகத்தில் அத்தியாயமே இல்லை, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, விடிந்துவிட்டது. இதைக் குறை என்று சொன்ன முதல் ஆள் அவனில்லை. கவிஞரும் விமர்சகருமான டாம் பாலின் பிபிசி தொலைக்காட்சியில் பிராட்செட்டை வெறும் கற்றுக்குட்டி என்றார். அத்தியாயம் பிரித்து எழுதக்கூடத் தெரியவில்லை என்றார். பிராட்செட் என்ன செய்தார்? அந்த வசவை எடுத்துத் தன் புத்தகத்தில், பாராட்டுரைகளோடு பாராட்டுரையாக அச்சிட்டுக்கொண்டார். விமர்சகருக்கு மறுப்புக் கடிதம் பத்துப் பக்கம் எழுதும் நம் எழுத்தாளர்கள் இந்த முறையைப் பரிசீலிக்கலாம். காகிதம் மிச்சம்.

இலக்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் புத்தகம் சில மாதங்கள் இருந்தது. முதுகு மடிப்பு கலையாமல் திரும்பி வந்தது. "வாசகனைச் சிரிக்கவெச்சிட்டா அவன் யோசிக்க மாட்டான். அதான் இதோட அடிப்படைப் பிரச்சினை" என்றார். எந்தப் பக்கத்தில் சிரித்தீர்கள் என்று கேட்டேன். பேச்சு லத்தீன் அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

இவருக்கும் சர்வதேச முன்னோடி உண்டு. பிராட்செட் இறந்த 2015ஆம் ஆண்டிலேயே, ஜோனத்தன் ஜோன்ஸ் என்ற கலை விமர்சகர் 'தி கார்டியன்' பத்திரிகையில் எழுதினார்: பிராட்செட் இலக்கிய மேதை இல்லை, நான் அவருடைய ஒரு நாவலைக்கூடப் படித்ததில்லை, படிக்கப்போவதும் இல்லை. வாசகர்கள் கொதித்துப்போனார்கள். மனிதர் கொஞ்சம் இறங்கிவந்து 'ஸ்மால் காட்ஸ்' நாவலைப் படித்தார். ரசித்ததை ஒத்துக்கொண்டார். ஆனா ஒண்ணு, இது பொழுதுபோக்குதான், கலை இல்லை என்று முடித்தார். என் நண்பரைவிட அவர் ஒரு படி மேல். படிக்கவில்லை என்பதையாவது வாசகரிடம் சொன்னார்.

பொதுஜனத்தின் கருத்து வேறு மாதிரி இருந்தது. 2003இல் பிரிட்டிஷ் மக்களிடம் பிடித்த நாவல் எது என்று பிபிசி வாக்கெடுப்பு நடத்தியது. முதலிடம் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. முதல் நூறில் சார்லஸ் டிக்கன்ஸுக்கு ஐந்து நாவல், பிராட்செட்டுக்கும் ஐந்து. அவருடையதில் மேலே நின்றது 'மோர்ட்', 65ஆம் இடம். அந்தத் தட்டை உலகத்தைப் பற்றிய 41 நாவல்கள் கொண்ட வரிசையில் வேலை கிடைக்காத பையன்தான் முதலில் வந்தான் என்று சொன்னால் மோர்ட்டே நம்ப மாட்டான்.

வாசகர் கருத்தில் இன்னொரு வகை இருக்கிறது. அதை வைத்து விளையாட எனக்கு மனம் வரவில்லை. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த நோயாளிகள் பிராட்செட்டுக்குக் கடிதம் எழுதினார்கள், மரணம் நீங்கள் எழுதியவரைப் போல இருந்தால் நல்லது என்று. அவர் படைத்த மரணம் யாரையும் கொல்வதில்லை. வேளை வந்ததும் கூட்டிப்போக வருகிறார், மரியாதையாகப் பேசுகிறார். பிராட்செட்டுக்கே அல்சைமர் நோய் என்று 2007இல் தெரிந்தது. 2015 மார்ச்சில் அவர் போனபோது, அவரைத் திருப்பி அனுப்பக் கோரி மரணத்துக்கே மனு எழுதி ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மனு நிலுவையில் இருக்கிறது.

என் கருத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? நாவல் நன்றாக இருக்கிறது. ஆனா ஒண்ணு. மோர்ட்டும் மரணத்தின் வளர்ப்பு மகள் யசபெல்லும் பாதி நாவல் வரை எலியும் பூனையுமாக இருந்துவிட்டுத் திடீரென்று காதலிக்கிறார்கள். எப்போது மனம் மாறினார்கள் என்று நானும் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். சிரிப்பும் பிராட்செட்டின் உச்சம் இல்லை; 'நைட் வாட்ச்' போன்ற பிந்தைய நாவல்கள் இதைவிட ஆழமானவை. ஆனால் அந்த வரிசையில் இதற்கு முந்தைய மூன்று நாவல்களில் கதை என்பது நகைச்சுவைத் துணுக்குகளைத் தொங்கவிடும் கொடிக்கயிறுதான். இதில்தான் கதைக்காகக் கதை நடக்கிறது. வரிசையில் ஆசிரியருக்கே மனநிறைவு தந்த முதல் நாவல் இதுதான் என்று அவரும் சொல்லியிருக்கிறார். சித்தப்பா சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் சம்பளத்தில் நின்றார், நான் காதலில் நிற்கிறேன்.

பிராட்செட்டைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: வரிசைப்படி படிக்கிறேன் என்று 1983இல் வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்'கில் ஆரம்பிக்காதீர்கள், 'மோர்ட்'டில் ஆரம்பியுங்கள். அத்தியாயம் கிடையாது, அதனால் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். அதன் தொடர்ச்சி மாதிரியான 'சோல் மியூசிக்'கை மட்டும் முதலில் கையில் எடுத்துவிடாதீர்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். 'மோர்ட்'டின் முதல் சில பக்கங்களிலேயே உங்களுக்கும் ஒரு 'ஆனா ஒண்ணு' கிடைத்துவிடும்.