பேராண்டி, போட்டோ அப்புறம் எடுக்கலாம்

இன்னாடா பேராண்டி, பொண்டாட்டிக்கு மூணு மாசம் முடியல, அதுக்குள்ள பெசன்ட் நகர் கடற்கரையில போட்டோ எடுக்க ஆள் பேசிட்டியாமே? வயிறே தெரியலியேடா. எதைப் படம் புடிப்பான், உன் தொப்பையையா?

பாண்டி பஜார்ல தரைய கூட்டுற நீளத்துக்கு கவுன் வாங்கினே. வயித்துக்குள்ள இருக்கறதுக்கு வீணை கேக்க வெக்கறே. அதுக்குக் காது கேக்க இன்னும் மாசக்கணக்கு கெடக்கு. சரி, ஃபோலிக் ஆசிட் மாத்திரைய தெனம் போடறாளா, அதைச் சொல்லு. கரு தங்கி நாலு வாரத்துக்குள்ள தண்டுவடக் குழாய் மூடிக்குமாம். நாள் தள்ளிப்போச்சேன்னு நீ காலண்டரைப் புரட்டறப்ப அங்க பாதி வேலை முடிஞ்சிருக்கும். அதான் புள்ள வேணும்னு நெனைக்கறப்பவே ஆரம்பிங்கன்றாங்க டாக்டருங்க.

குங்குமப்பூ வேற டப்பா டப்பாவா வந்து எறங்குது. புள்ள செவப்பா பொறக்கவா? உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் கண்ணாடில பாருங்கடா. பூ வந்து இன்னா பண்ணும்?

உன் வூட்ல பாத்திரம் தேய்க்குதே ஒரு பொண்ணு, அதுவும் மாசமாதான் இருக்கு. கார்ப்பரேசன் ஆஸ்பத்திரில பதிஞ்சிருக்கு. முத்துலட்சுமி ரெட்டியம்மா பேர்ல சர்க்கார் குடுக்கற 18,000 ரூபா உதவில ஊட்டச்சத்துப் பெட்டகமும் வந்துச்சு. "ரத்தம் எவ்ளோம்மா?"ன்னு கேட்டேன். "பத்து தாத்தா, பதினொண்ணு ஆவணும்னு நர்சம்மா சொல்லிச்சு"ன்னு பட்டுனு பதில். இப்ப நீ சொல்லு, உன் பொண்டாட்டிக்கு எவ்ளோ? இன்னாடா போனை நோண்டறே? கூரை ஏறி கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டறேன்னானாம்.

நாலாம் மாசத்துலருந்து இரும்புச்சத்து மாத்திரை தருவாங்க. மயிலாப்பூர்க்காரன் நீ, அதையும் டிகாஷன் காபியோட முழுங்க வெப்பே. காபி, டீ ரெண்டும் இரும்பை உடம்புல சேர விடாது. எலுமிச்சம்பழத் தண்ணியோட குடு. சுண்ணாம்புச்சத்து மாத்திரைய வேற வேளைக்கு வெச்சுக்கோ. வெளிக்குக் கறுப்பா போனா கூகுளைத் தட்டி அலறாதே, இரும்பு போட்டா அப்பிடித்தான்.

ரெண்டு உசுருக்கு ரெண்டு பங்கு சோறுன்னு உங்க அத்தை சட்டியைக் கவுப்பா. நாலாம் மாசத்துக்கு மேல நாளுக்கு 350 கலோரி கூட வேணும், அவ்ளோதான். சட்னியோட நாலு இட்லில அடங்கிடும்.

"எங்க வம்சத்துல சக்கரையே இல்ல"ன்னு மார்தட்டாதே. நம்ம மெட்ராஸ் டாக்டர் சேஷய்யா கர்ப்பகால சக்கரைக்காகவே ஆயுசைக் குடுத்தவரு. அவர் பொறந்த மார்ச் 10-ஐத்தான் நாடு பூரா அதுக்கு விழிப்புணர்வு நாளா வெச்சிருக்கு. அவர் சொன்ன வழில பட்டினி கெடக்க வேணாம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணில கரைச்சுக் குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுக்கணும். 140 தொட்டா கவனிக்கணும். மொதல்ல நல்லா இருந்தாலும் ஆறாம் மாசத்துல இன்னொரு தடவை பாக்கணும். அன்னிக்கு மீட்டிங்குன்னு நழுவாதே.

ஆணா பொண்ணான்னு கேக் வெட்டிக் காட்டணுமாமே? அமெரிக்காவுல வெட்டட்டும். இங்க 1994-லயே சட்டம் போட்டாச்சு, ஸ்கேன் பண்ணிச் சொன்னவனும் உள்ள, கேட்ட நீயும் உள்ள. டப்பா செட்டியார் கடைல பிரசவ லேகியம் வாங்கிட்டியாமே, அது பெத்ததுக்கு அப்புறம் திங்கறதுடா. மேல பரண்ல வை.

வளைகாப்புக்கு மண்டபம் பாரு, வேணாங்கல. ஆனா தலைவலி விடாம இருந்தா, கண்ணு மங்கினா, மூஞ்சி திடீர்னு வீங்கினா, புள்ள துள்றது கொறைஞ்சா, விடியட்டும்னு உக்காராதே. அந்த நிமிசமே கெளம்பு. எந்த வழியா கெளம்புவே? பங்குனிலதானே தேதி குடுத்திருக்காங்க? அறுபத்து மூவர் திருவிழா அன்னிக்கு மாட வீதிக்குள்ள ஆட்டோ நுழையுமா? எடு ஸ்கூட்டரை. லஸ் பக்கமா சுத்திப் போற வழியைப் பாத்துட்டு வா. வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கிக்க.