கருப்பசாமியும் உச்ச நீதிமன்றமும்

இங்கிலாந்தில் ஸ்டாம்ஃபோர்டு என்று ஒரு சின்ன ஊர். 1967இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒற்றைக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றிப் புண்ணியமில்லை. பக்கத்து வீடு, எதிர்த்த கடை, முக்கில் நிற்கிற மரம் எல்லாம் சேர்ந்ததுதான் பழைய தெரு. காப்பாற்றுவதென்றால் தெருவோடு காப்பாற்று என்பது சாரம். முதலில் மாட்டியது ஸ்டாம்ஃபோர்டு. இன்றைக்கு அந்த நாட்டில் இப்படிப்பட்ட வட்டாரங்கள் 10,000 அளவுக்கு இருக்கின்றன. உள்ளே குடியிருப்பவர் சொந்தக் கொல்லையில் நிற்கும் மரத்தை வெட்டவே ஆறு வாரம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு வாரம்! அதற்குள் நம் தேனியில் ஓட்டு வீட்டை இடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, கீழ்த்தளத்துக்கு அட்வான்ஸும் வாங்கியிருப்பார்கள்.

நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1958இல் மத்திய சட்டம், 1966இல் மாநிலச் சட்டம். 2010இல் திருத்தம் வந்தது: மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். தமிழ்நாடு 2012இல் மரபு ஆணையத்துக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024இல். போடி மலையில் குறிஞ்சி பூப்பதற்கும் அதே கணக்குத்தான் என்பதால் யாரும் பதறவில்லை.

ஆனால் நம் சட்டங்களின் கண்ணுக்குக் கோயில் தெரியும், கோட்டை தெரியும், தெரு தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் பழசைக் காப்பாற்றி வந்தது சாமி பயமும் பங்காளிச் சண்டையும்தான்.

தேனி மாவட்டம் பிறந்தது 1996இல். அதற்குள் கிடந்த ஒரு கல்லின் வயது ஏறத்தாழ 2,300. ஆண்டிபட்டிப் பக்கம், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழி எழுத்து. இந்தியாவிலேயே பழமையான எழுத்துள்ள நடுகற்கள் என்றார்கள். அவற்றில் ஒன்றில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? கூடலூரில் மாடு கவர்ந்த பூசலில் அந்தவன் என்றொருவர் செத்துப்போனார். அவ்வளவுதான். ஆக, இந்த மாவட்டத்தில் எழுத்தில் கிடைத்த முதல் சேதியே ஒரு மாட்டு வழக்கு. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவரா, மறித்தவரா என்று கல் சொல்லவில்லை. அந்தக் காலத்து எஃப்.ஐ.ஆரும் இந்தக் காலத்தது மாதிரியே இருந்திருக்கிறது. கல்வெட்டுக் கூடலூர் எது என்று அறிஞர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். பள்ளத்தாக்கின் மேல்முனையில் எங்களுக்கு ஒரு கூடலூர் இருக்கிறது, விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அடுத்து உத்தமபாளையம். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அங்கே சமண முனிவர்கள் இருந்தார்கள். பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கி, கீழே வட்டெழுத்தில் பேர் வெட்டினார்கள். மதுரை வட்டாரத்தில் குன்றுக்குக் குன்று போய்ச் சிலை எடுப்பித்த அச்சணந்தியின் பேர் இங்கேயும் உண்டு. திருக்குணகிரி என்பது இடத்தின் பழைய பேர். பிறகு சமணம் போனது, முனிவர்கள் போனார்கள், கேட்பாரில்லாத பாறைக்குக் கருப்பண்ணசாமி குடிவந்தார்.

இதைவிடப் பொருத்தமில்லாத அண்டை வீட்டுக்காரர்களைக் கற்பனை செய்ய முடியாது. ஒரு பக்கம் எறும்பு மிதிபடக்கூடாதென்று மயிற்பீலியால் பெருக்கிக்கொண்டே நடந்தவர்களின் கடவுளர். இன்னொரு பக்கம், கிடாவும் சுருட்டும் கேட்டு வாங்குகிற குலத்தில் வந்த கருப்பு. ஆயிரம் வருஷம் காத்தவர் யார்? மேலூர்ப் பக்கம் குன்றுகள் கிரானைட்டாகி லாரியேறிப் போன கதை ஊரறிந்தது. இங்கே யாராவது அப்படி நினைத்திருந்தால் உரையாடல் இப்படித்தான் போயிருக்கும்.

“அண்ணே, அந்தப் பாறையில வெட்டு வைக்கலாமாண்ணே?”

“வையி தம்பி, நல்லா வையி. ராத்திரி வேட்டைக்கு வரும்போது அவரே கணக்குக் கேப்பாரு.”

தொல்லியல் துறையின் நீலப் பலகை சிறைத் தண்டனை என்று மிரட்டும். அதை நம் ஆட்கள் நிதானமாகப் படித்துவிட்டுப் பக்கத்திலேயே காதலி பேரைக் கிறுக்குவார்கள். கருப்பு பலகை வைப்பதில்லை.

சின்னமனூருக்கு வருவோம். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பாண்டியன் ஒரு நிலதானத்தைச் செப்பேட்டில் எழுதிவைத்தான். ஒரு பிராமணருக்கு ஊர் கொடுத்தோம் என்று நாலு வரியில் முடிந்திருக்க வேண்டிய பத்திரம். அதற்கு முன்னுரையாகக் குடும்பப் பெருமை நீள்கிறது. அகத்தியர் எங்கள் புரோகிதர், பாரதப் போரில் நாங்களும் இருந்தோம், மகாபாரதத்தைத் தமிழாக்கினோம், மதுரையில் சங்கம் வைத்தோம். இந்திரனின் ஆசனத்தில் பாதியை வாங்கி உட்கார்ந்தார்கள் என்பதும் பாண்டியர் பெருமைகளில் ஒன்று. தேனி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இது எந்த மரபின் தொடர்ச்சி என்று இப்போது விளங்கும்.

இத்தனை பெருமை எழுதிய ராஜசிம்மனுக்குப் பிறகு நடந்தது பரிதாபம். பராந்தக சோழன் துரத்த, மகுடத்தைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு ஓடினான். அங்கே உதவி தேறவில்லை. மகுடத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். சோழர்கள் அதைத் தேடித் தேடி, ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து ராஜேந்திரன் போய் எடுத்துவந்தான். பத்திரமாக ஒப்படைத்த மகுடம் போயிற்று. சின்னமனூரில் ஒருவரும் கவனிக்காமல் கிடந்த செப்பேடு பிழைத்துக்கொண்டது.

இனி பெரிய சங்கதி. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரும் வெள்ளைக்கார அரசாங்கமும் முல்லைப் பெரியாறு அணைக்காக ஒரு குத்தகையில் கையெழுத்திட்டன. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய், காலம் 999 ஆண்டு. முடிந்தபின் விருப்பப்பட்டால் இன்னொரு 999 ஆண்டு. நம் ஊரில் வீடு பிடிப்பவர்கள் 11 மாத அக்ரிமெண்டுக்கே ஓனர் முகத்தை நாலு தரம் பார்ப்பார்கள். 61 வருஷத்தில் மூட்டை கட்டப்போகிற கூட்டம் 2885 வரைக்கும் எழுதி வாங்கியது. வாடகை முதல்முறை ஏறியது 1970இல், 30 ரூபாயாக. இப்படி ஒரு வீட்டுக்காரர் வாய்க்கப் போன ஜன்மத்தில் என்ன செய்திருக்க வேண்டுமோ.

அணையைப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டினார், 1895இல் தண்ணீர் வந்தது, பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது. அதன் பிறகு அவர் மனிதராக இருக்க முடியவில்லை. பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலோடு பொங்கலாக அவருக்கும் சேர்த்துப் பானை வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் பேர், கடைகளில் அவர் படம், லோயர் கேம்ப்பில் 2013 முதல் மணிமண்டபம்.

அணைதான் வேடிக்கை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு எழுப்பிய 19ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். நிற்பது இடுக்கியில், நடத்துவது தமிழ்நாடு. 1979இல் பயம் கிளம்பி, நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136க்கு இறக்கினார்கள். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 என்றது. அடுத்த மாதமே கேரளம் நீர்ப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் கொண்ட ஒன்றைத் திருத்தி, ஆபத்தான அணைகள் பட்டியலில் இதைச் சேர்த்து, 136ஐத் தாண்டக்கூடாது என்றது. எங்கள் பள்ளத்தாக்குக்கென்று வேலைசெய்யும் ஒரு பழைய கட்டுமானம் அரசாங்கப் பட்டியலில் ஏறியது. ஏறிய பட்டியல்தான் தப்பு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லி, 142ஐ உறுதிசெய்து, மேற்பார்வைக்குக் குழுவும் போட்டது. இதன் பலனாக, நிபுணர்கள் மாற்றி மாற்றிச் சுற்றிவந்து அணையை அளக்கிறார்கள், கசிவைக் கணக்கிடுகிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள். எந்த அரண்மனைக்கு இந்த உபசாரம் நடக்கிறது?

கூடலூருக்கு மேலே மலை விளிம்பில் மங்கலதேவி கண்ணகி கோட்டம். எல்லைக்கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதில் இரண்டு மாநிலத்துக்கும் தீராத தகராறு. வருஷத்தில் சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் சனம் ஏறிப்போய்க் கும்பிடலாம். குமுளிப் பக்கம் ஜீப், நம் பக்கம் பளியன்குடியிலிருந்து கால்நடை. மீதி 364 நாள் யானைகளின் பொறுப்பு. கோட்டம் இடிந்து கிடக்கிறது, உண்மை. ஆனால் தகராறு இல்லாத மற்றக் கோயில்களுக்கு நடந்ததை எண்ணிப் பாருங்கள்: தரைக்கு வழுவழு டைல்ஸ், கல்தூணுக்கு எனாமல் பெயிண்ட், உபயதாரர் பேர் எழுதிய டியூப்லைட். மதுரையை எரித்தவளுக்கு இதெல்லாம் வாய்க்காமல் போனது இரு மாநில வனத்துறைகளின் புண்ணியம்.

கடைசியாக ஒரு வீட்டு விவகாரம். மதுரை நத்தம் சாலையில் பொதுப்பணித் துறை வளாகத்தில் கலைஞர் நூலகம் கட்டப்போவதாக 2021இல் அறிவிப்பு வந்தது. அங்கேதான் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு இருக்கிறது, இடிக்காதே என்று எதிர்க்கட்சிகளும் விவசாயிகளும் கிளம்பினார்கள். அரசாங்கம் பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொன்னது: கட்டடம் கட்டியது 1912, 13இல், அவர் இறந்தது 1911இல். குடிபுக வேண்டுமானால் ஆவியாகத்தான் வந்திருக்க வேண்டும். 2023இல் நூலகம் திறந்தாயிற்று. என்றாலும் அந்தப் பழைய கட்டடத்தின் வாழ்நாளில் அத்தனை பேர் அதைக் கவலையோடு திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

சண்டைக்கு ஆளில்லாத பழசுகளுக்கு இந்த யோகமில்லை. 1928இல் வந்த மதுரை–போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியில் நின்றது. 2023இல் போடிக்கு ரயில் திரும்பியபோது அது அகலப்பாதை. ஏலக்காய் வாசம் ஏறிய குறுகிய தண்டவாளத்தில் ஒரு முழம் வைத்திருக்கலாமே என்று எந்த மாநிலமும் வழக்குப் போடவில்லை. சின்னமனூரிலும் போடியிலும் திண்ணை வைத்த தெருக்கள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன: மரத்தூண், நாட்டு ஓடு, முற்றத்தில் மழை. பாகப்பிரிவினை முடியாததால் நிற்கிற வீடுகளே அவற்றில் பாதி. அண்ணன் தம்பி சமாதானமானால் மறுநாள் ஜேசிபி வரும்.

ஆகவே கேரளத்தில் செல்வாக்கான நண்பர்கள் யாருக்காவது இருந்தால் ஓர் உதவி. அந்தத் தெருக்கள் தங்களுக்குத்தான் சொந்தம் என்று திருவனந்தபுரத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள்.